அடுக்களைப் பக்கம்: அடுப்பு பளபளத்தால் மட்டும் போதுமா?



இரண்டு வாரத்துக்கு முன் பாளையங்கோட்டையிலிருந்து என் அண்ணன் மகள் போன் பண்ணினாள். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. தனிக்குடித்தனம். "அத்தை, தெனமும் அடுப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கைதான் தேயுது. ஆனாலும் பாத்திரத்துக்கு அடியில கரி பிடிக்கு. எந்தப் பவுடர் போட்டுத் தேய்க்கட்டும்?" என்று கேட்டாள்.

"பவுடர் கெடக்கட்டும். தீ என்ன நெறத்துல எரியுது, அதைச் சொல்லு" என்றேன்.

"நெறமா? எரியுது அத்தை, அவ்வளவுதான் தெரியும்" என்றாள்.

மறுநாள் பஸ் ஏறிப் போனேன். குழந்தை பொய் சொல்லவில்லை. அடுப்பின் மேல் தட்டில் முகம் பார்க்கலாம், அவ்வளவு சுத்தம். ஆனால் பற்றவைத்துப் பார்த்தால் சுடர் மஞ்சளாக, நுனி ஆடிக்கொண்டு எரிகிறது. பர்னரைக் கழற்றினேன். மாப்பிள்ளைக்குச் சொதி பிடிக்கும் என்று வாரம் இரண்டு தடவை வைத்திருக்கிறாள். தேங்காய்ப்பால் பொங்கி வழிந்து பாதித் துளைகள் அடைத்துக் கிடந்தன. பிறகு அடுப்புக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். ரப்பர் குழாய் சுவரோடு நெருக்குண்டு மடங்கிக் கிடந்தது.

"இதை எப்பம் பாத்தே?"

"குடிவந்த அன்னைக்கு ஒருத்தர் மாட்டிட்டுப் போனாரு. அதுக்குப் பொறவு பாக்கல அத்தை."

நான் அவளைத் திட்டவில்லை. திட்ட எனக்கு யோக்கியதையும் இல்லை. ஏனென்றால் நானும் அப்படித்தான் இருந்தேன். பல வருஷம் காஸ் அடுப்பில் சமைத்த பிறகும் மேல் தட்டைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. அதற்காக ஒருநாள் எங்கள் வீடே பற்றி எரிந்திருக்க வேண்டியது. எப்படித் தப்பினோம் என்பதை இன்று மறைக்காமல் எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் படிக்கிற உங்களில் நாலு பேர் எழுந்து போய் அடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் அந்த வெட்கத்துக்குப் பலன் உண்டு.

அந்த ஆடி வெள்ளிக்கிழமை

2021-ஆம் வருஷம் மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் எனக்கும் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டோடு பிழைத்துக்கொண்டேன். ஆனால் மூக்கில் வாசனை நின்றுபோயிற்று. மல்லிகைப் பூவும் பெருங்காயமும் எனக்கு ஒன்றுதான். தாளிக்கிற கடுகு கருகினால்கூடப் புகையைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். இரண்டு மாதம் கழித்தும் வாசனை சரியாகத் திரும்பவில்லை. உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

ஆடி மாதம் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் விளக்குப் பூஜை. எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில் ஒரு முடுக்குக்குள் இருக்கிற பழைய வீடு. தார்சா, பட்டாசால், அதற்குப் பின்னால் அடுக்களை. சாமி மாடமும் அடுக்களையில்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அடுப்பை முன்னால் இழுத்துப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். சந்தனம் குங்குமம் வைத்துப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டேன். அடுப்பின் குமிழ்களை மூடியிருந்தேன். சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடவில்லை. 'ராத்திரி படுக்கப் போகும்போது மூடினால் போதும்' என்பது அப்போது என் வழக்கம்.

நம் ஊர் ஆடிக் காற்றுதான் உங்களுக்குத் தெரியுமே! புழுதியை வாரிக்கொண்டு வந்து போடும், அடுப்புத் தீயையும் அணைக்கும். அதனால் ஜன்னலையும் பின்வாசல் கதவையும் சாத்தியிருந்தேன்.

நாலு மணிக்குப் பட்டாசாலில் படுத்திருந்த என் மாமியார், "ஏளா, எங்கனயோ எலி செத்த வாடை அடிக்கு. பரண்ல பாரேன்" என்றார்கள். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. "நாளைக்குப் பாக்கேன் அத்தை" என்று சொல்லிவிட்டு மாவிளக்குக்கு மாவு பிசையப் போய்விட்டேன்.

ஐந்தரை மணி இருக்கும். தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு விளக்கில் எண்ணெய் விட்டேன். தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். அந்த நிமிஷத்தில் பால் ஊற்றுகிற அக்கா பின்வாசலைத் திறந்துகொண்டு வந்தார்கள். வாசலில் கால் வைத்தவர்கள் அப்படியே நின்று சத்தம் போட்டார்கள்: "யம்மா, தீக்குச்சி கிழிக்காதீய! லைட்டையும் தொடாதீய! காஸ் வாடை மூக்கைத் தொளைக்கு!"

நான் கல்லாய் நின்றேன். அந்த அக்காதான் பால்தூக்கை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து, ரெகுலேட்டரைத் திருப்பி மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, மாமியாரையும் என்னையும் தார்சாவுக்கு அழைத்து வந்தார்கள். அரைமணி நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். தீப்பெட்டி என் கையிலேயே இருந்தது. உள்ளங்கை வியர்த்து அட்டை ஊறிப்போயிருந்தது.

அந்த அக்காவுக்கு ஆற்றுக்கு அக்கரையில் ஊர். விறகு அடுப்பில் சமைத்தவர்கள். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில்தான் அவர்கள் வீட்டுக்குக் காஸ் வந்தது. "ஒங்களுக்கு எப்படி இவ்வளவும் தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "அடுப்பு குடுத்தப்போ ஒரு தம்பி வந்து எல்லாரையும் உக்கார வச்சுச் சொன்னாரு. நாங்க பயந்துக்கிட்டே கேட்டோம், அதான் மறக்கல. ஒங்களுக்குப் பழகிப் போச்சுல்லா யம்மா" என்றார்கள். அவர்கள் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் சுருக்கென்றது.

மறுநாள் மெக்கானிக் வந்து குழாயைக் கழற்றி மடக்கிக் காட்டினார். பின்பக்கம், சுவரை ஒட்டிய இடத்தில், எலி கடித்திருந்தது. நான் அடுப்பை முன்னால் இழுத்ததில் அந்தக் கடிவாய் விரிந்துவிட்டது. அது கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்ததென்று நானே வாங்கி மாட்டிய பச்சைக் குழாய். வாங்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்றுகூட எனக்கு நினைவில்லை.

அம்மா செய்த காரியம்

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் அம்மாவை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். எங்கள் பிறந்த வீட்டில் விறகு அடுப்பு. பக்கத்தில் ஒரு கொடி அடுப்பு. தாமிரபரணிக் கரையில் மண்பாண்டத்துக்குப் பேர்போன காருகுறிச்சியிலிருந்து வந்த அடுப்பு அது. ராத்திரிச் சமையல் முடிந்ததும் அம்மா தணலைக் கிளறிப் பார்ப்பாள், சாம்பலை அள்ளுவாள், அதற்குப் பிறகுதான் சாணி போட்டு மெழுகுவாள். மெழுகும்போது விரலால் தடவிக்கொண்டே வருவாள். எங்கேயாவது விரிசல் தட்டுப்பட்டால் அங்கேயே களிமண் வைத்து அடைப்பாள். 'அடுப்பைச் சுத்தம் பண்ணுகிறாள்' என்றுதான் நான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அவள் தினமும் அடுப்பைப் பரிசோதனை செய்திருக்கிறாள்.

நமக்குக் காஸ் வந்தது, கரி போயிற்று, புகை போயிற்று. அதோடு அந்தப் பரிசோதனையும் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அடுப்பைத் துடைக்கிற நேரமே அடுப்பைப் பார்க்கிற நேரம். தனியாக வேறு நேரம் நமக்குக் கிடைக்கப் போவதில்லை.

காஸைப் பற்றிக் கொஞ்சம்

சிலிண்டரில் இருப்பது புரோபேனும் பியூட்டேனும் கலந்தது. உள்ளே திரவமாக இருக்கிறது. வெளியே வந்தால் சுமார் 250 மடங்கு விரிந்து வாயுவாகிறது. இதற்கு இயற்கையில் வாடை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள். அழுகின முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும். செத்த எலி என்று என் மாமியார் நினைத்ததில் ஆச்சரியமில்லை. வயதானவர்களுக்கும் ஜலதோஷக்காரர்களுக்கும் மூக்கு சரியாகச் சொல்லாது. ஆகையால் மூக்கை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

இன்னொன்று. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவித் தங்கும். சிலிண்டரை மேடைக்குக் கீழே கதவு போட்ட அலமாரிக்குள் அடைத்து வைக்காதீர்கள் என்பது இதனால்தான். கதவு வேண்டுமென்றால் கீழே காற்றுப் போக வழி விட்டிருக்க வேண்டும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

தினமும் செய்ய வேண்டியது

ராத்திரிச் சமையல் முடிந்ததும் முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். பிறகு குமிழ்களையும் மூடுங்கள். அடுப்பு நன்றாக ஆறட்டும். சூட்டோடு ஈரத் துணியைப் போடாதீர்கள். முக்கியமாகக் கண்ணாடி மேல்தட்டு உள்ள அடுப்பில் இது ஆகவே ஆகாது. சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சிதறிவிடக் கூடும். கம்பிச் சுருளால் தேய்த்தால் கீறல் விழும். கீறின இடம் பலவீனப்படும். மெல்லிய துணி, சோப்புத் தண்ணீர், அதற்குமேல் ஒரு உலர்ந்த துணி போதும். வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவுவது வேண்டாம். தண்ணீர் குமிழ்களுக்குள்ளும் பர்னர் குழலுக்குள்ளும் போய்விடும்.

பாலோ சொதியோ பொங்கி வழிந்தால் அன்றைக்கே துடைத்துவிடுங்கள். மறுநாள் ஆனால் கல்லாகிவிடும். பொங்கும்போது தீ அணைந்துபோய் காஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும் ஆபத்தும் உண்டு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள்.

வாரம் ஒருநாள்: வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம்

பர்னர்களைக் கழற்றுங்கள். பித்தளை பர்னர் என்றால் வெந்நீரில் எலுமிச்சம்பழத் தோலோ புளியோ போட்டு, கொஞ்சம் உப்பும் சேர்த்து அரைமணி நேரம் ஊறவிட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்தால் போதும். அலுமினியக் கலப்பு பர்னராக இருந்தால் சலவைச் சோடாவில் ஊறவைக்காதீர்கள். அது அலுமினியத்தை அரித்துவிடும். அதற்குச் சோப்புத் தண்ணீரே போதும்.

அடைத்த துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுங்கள். விளக்குமாற்றுக் குச்சியும் தீக்குச்சியும் வேண்டாம். முறிந்து உள்ளேயே தங்கிவிடும். பர்னரைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால் பர்னர் குழலுக்குள் சிலந்தி வலை பின்னியிருக்கும், சில வீட்டில் குளவி மண்கூடே கட்டியிருக்கும்.

பிறகு சுத்தமான தண்ணீரில் நன்றாக அலசி, வெயிலில் காயவைத்து, சொட்டு ஈரம் இல்லாமல் மாட்டுங்கள். உப்புத் தண்ணீர் ஒட்டியிருந்தாலும் சுடர் கொஞ்ச நேரம் மஞ்சளாகத் தெரியும், பயப்பட வேண்டாம். மாட்டும்போது பர்னர் தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள்.

இனிப் பற்றவைத்துச் சுடரைப் பாருங்கள். நீலமாக, ஒரே சீராக எரிந்தால் சரி. அப்புறமும் மஞ்சளாகப் புகைந்தால் காற்று போதவில்லை, காஸ் முழுசாக எரியவில்லை என்று அர்த்தம். பாத்திரத்தில் கரி பிடிப்பதும், காஸ் வீணாவதும் இதனால்தான். காற்றோட்டம் இல்லாத அறையில் இப்படி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயுவும் சேரும். அதற்கு வாடையே கிடையாது. இந்த நிலையில் நாமே ஜெட் துளையைக் குத்திப் பெரிசாக்கக் கூடாது. அந்தத் துளை அளவு பார்த்துப் போட்டது. பெரிசானால் காஸ் கூடுதலாக வந்து மஞ்சள் தீ அதிகமாகும். குமிழ் இறுகிப்போனால் எண்ணெய் ஊற்றித் திருகுவதும் வேண்டாம். இரண்டுக்கும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது குழாய். ரெகுலேட்டரிலிருந்து அடுப்பு வரை விரலால் தடவி வாருங்கள், என் அம்மா மெழுகினது போல. வெடிப்பு, எலிக்கடி, பிசுபிசுப்பு, மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அடுப்புக் குமிழ்களை மூடிவிட்டு ரெகுலேட்டரை மட்டும் திறந்து, சோப்பு நுரையை இரண்டு முனைகளிலும், குழாய் நெடுகிலும் தடவுங்கள். எங்கேயாவது முட்டை முட்டையாகக் குமிழி வந்தால் அங்கே கசிவு. ரெகுலேட்டரை மூடிவிட்டுக் காஸ் ஏஜென்சியைக் கூப்பிடுங்கள். தீக்குச்சியைக் காட்டிச் சோதிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

குழாய் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள 'சுரக்ஷா' ஆரஞ்சுக் குழாயாகக் கேட்டு வாங்குங்கள். உள்ளே எஃகுக் கம்பி பின்னியிருப்பதால் எலிப் பல்லுக்கு லேசில் இடம் கொடுக்காது. நீளம் 1.5 மீட்டருக்கு மேல் வேண்டாம். சுவரில் துளை போட்டு அடுத்த அறைக்குக் கொண்டுபோகக் கூடாது. அழகுக்கு உறை தைத்துப் போடவும் கூடாது. உறை போட்டால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. 5 வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். அதற்கு முன்பே வெடிப்பு கண்டால் அன்றைக்கே மாற்றுங்கள். என் அடுக்களை அலமாரிக் கதவின் உள்பக்கம் குழாய் மாட்டின தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சிலிண்டர் வரும்போது மேல் வளையத்தின் உள்பக்கப் பட்டையில் ஒரு எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கும், பாருங்கள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி என்றால் செப்டம்பர் வரை, டி என்றால் டிசம்பர் வரை. எண் வருஷத்தைக் குறிக்கும். அது அந்தச் சிலிண்டரை அடுத்துச் சோதனை செய்ய வேண்டிய காலம். அந்தத் தேதி கடந்ததாக இருந்தால் வாங்காமல் மாற்றிக் கேளுங்கள். மூடியைத் திறந்து, வால்வுக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா, கசிவு உண்டா என்று கொண்டுவருகிறவரையே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வெள்ளம் வந்த வீட்டில்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்து ஜனங்கள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைமீறி, குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்துக்கொண்டு ஓடியது. ஆற்றோரத் தெருவில் எங்கள் உறவுக்காரர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு உதவிக்குப் போனேன். அடுக்களை முழுக்கச் சேறு. சிலிண்டர் மிதந்துபோய் மூலையில் சாய்ந்து கிடந்தது. நிறைந்த சிலிண்டர்கூடத் தண்ணீரில் மிதக்கும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

இரண்டு நாளாக வெந்நீரைக் காணாத வீடு. "அடுப்பைக் கழுவிப் பத்தவச்சு ஒரு வாய் காப்பி போடுவோம்" என்று அந்த அக்கா தீப்பெட்டியைத் தேடினார்கள். எனக்கு ஆடி வெள்ளிக்கிழமைதான் கண்முன் வந்தது. "இன்னைக்கு மட்டும் வேண்டாம் மதினி" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். சிலிண்டரைத் தொடாமல் ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டோம். காப்பி மாடி வீட்டிலிருந்து வந்தது. மெக்கானிக் வந்து பார்த்தபோது ரெகுலேட்டருக்குள் சேறு, குழாய் முனை கழன்று தொங்கியது.

வெள்ளத்தில் மூழ்கிய அடுப்பை நாமே கழுவி உடனே பற்றவைக்கக் கூடாது. குழாயையும் ரெகுலேட்டரையும் மாற்றி, வால்வைச் சோதித்த பிறகுதான் தீ வைக்க வேண்டும். ஆற்றோரம் இருக்கிறவர்கள் வெள்ள எச்சரிக்கை வந்ததுமே ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்குப் பாதுகாப்பு மூடி போட்டுக் கட்டி வையுங்கள். வெள்ளம் வடிந்த வீட்டில் மின்சார ஸ்விட்சையும் சோதிக்காமல் போடாதீர்கள்.

வாடை வந்தால்

தீ வேண்டாம். ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். புகைபோக்கி மின்விசிறியும் கூடாது. சாமி விளக்கு, ஊதுபத்தி எரிந்தால் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். வெளியே வந்த பிறகுதான் போன். 1906 என்பது காஸ் கசிவுக்கான 24 மணி நேர எண். தீப்பிடித்தால் 101.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, பெரிய தட்டால் மூடுங்கள். சேலையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் உருள வேண்டும், அல்லது கனத்த போர்வையால் சுற்ற வேண்டும். சமைக்கும்போது பருத்திச் சேலை கட்டி, முந்தானையைச் செருகிக்கொள்வதே நல்லது. சுட்ட இடத்தில் பற்பசை, மை, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டிவிட்டு, சுத்தமான துணியால் மூடி டாக்டரிடம் போங்கள். ஐஸ் வைக்கக் கூடாது.

கரப்பான் பூச்சி மருந்தை எரிகிற அடுப்புப் பக்கம் அடிக்காதீர்கள். அந்தப் புட்டிகளில் பலவற்றில் எரியும் வாயுவே நிறைந்திருக்கிறது. கறை போகவில்லையென்று கழிவறை ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்துத் தேய்ப்பதும் கூடாது. அதிலிருந்து குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும்.

ஓவன் வைத்திருப்பவர்களுக்கு

கிறிஸ்துமஸ் கேக்குக்காகப் பாளையங்கோட்டைப் பக்கம் ஓவன் இல்லாத தெருவே இல்லை இப்போது. மின்சார ஓவனுக்கும் அதே சட்டம்தான்: முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், ஆறவிடுங்கள், அப்புறம் துணியைத் தொடுங்கள். தட்டையும் கம்பித் தட்டையும் வெளியே எடுத்துக் கழுவலாம். உள்சுவரில் ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, சில மணி நேரம் விட்டுத் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு வந்துவிடும். சூடாகிற கம்பியில் தண்ணீரோ சோடாவோ படக் கூடாது. கருகின துணுக்குகளைத் தங்கவிட்டால் அடுத்த தடவை அதுவே புகையும், பற்றவும் செய்யும். மூன்று முள் பிளக்கை எர்த் உள்ள பெரிய சாக்கெட்டில்தான் சொருக வேண்டும்.

மைக்ரோவேவ் என்றால் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் வைத்து, உள்ளே ஒரு மரக்கரண்டியும் போட்டு 3 நிமிஷம் ஓடவிடுங்கள். கொஞ்ச நேரம் மூடியே வைத்திருந்து துடைத்தால் கறை இளகிவிடும். மரக்கரண்டி எதற்கென்றால், கொதித்தும் கொதிக்காதது போல் இருக்கும் தண்ணீர் எடுக்கும்போது திடீரென்று பொங்கிக் கையைச் சுடாமல் இருக்கத்தான். கதவின் விளிம்பு நெளிந்திருந்தால், சரிசெய்யும் வரை உபயோகிக்காதீர்கள்.

கடைசியாக

அண்ணன் மகள் வீட்டில் அன்று சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து பர்னர் துளைகளை ஊசியால் குத்தி எடுத்தோம். புதுக் குழாய் மாட்ட ஆளுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் போன் பண்ணினாள். "அத்தை, தீ நீலமா எரியுது! பாத்திரம் தேய்க்கிற வேலையும் பாதியாக் கொறஞ்சு போச்சு" என்றாள். "குழாயைத் தடவிப் பாத்தியாட்டி?" என்று கேட்டேன். "வெள்ளிக்கெழமை பாத்தேன்" என்றாள். எனக்கு அது போதும்.

எனக்கு வாசனை அந்த வருஷக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டது. ஆனாலும் என் மாமியாருக்கு என் மூக்கின் மேல் நம்பிக்கை வரவில்லை. இன்றைக்கும் சாயங்காலம் நான் தீப்பெட்டியை எடுத்தால் பட்டாசாலிலிருந்து குரல் வரும்: "ஏளா, சிலிண்டரை மூடியிருக்கியா? மூடிட்டு வெளக்கைப் பொருத்து." நானும் போய் ஒருதடவை குனிந்து பார்த்துவிட்டு வந்துதான் விளக்கு ஏற்றுகிறேன்.

நீங்களும் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த கையோடு எழுந்து போய் ஒருதடவை குனிந்து பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.